மூளைக்குப் போகும் ரத்தக்கட்டியை டாப்ளரில் பிடிப்பது எப்படி? ஆரம்பநிலை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ பிய்ந்து கிளம்பும் நுண்கட்டிகள் மூளைக்குள் நுழைவது பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாது. ஆனால் அல்ட்ராசவுண்ட் கதிரைக் கடக்கும்போது அவை ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பைத்தான் ஓரளவு தெரிந்த பயோமெடிக்கல் மாணவர்கள் அந்த ஒலியைத் தேடத் தொடங்கலாம்.

படி 1: சிக்னலை எடுங்கள்

மண்டையோட்டின் வழியாக டாப்ளர் பார்க்கும் முறையை ரூன் ஆஸ்லிட் குழுவினர் 1982இல் வெளியிட்டனர். நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிசு. அங்கே ஜெல் தடவி 2 மெகாஹெர்ட்ஸ் புரோபை வைத்தால், சுமார் 5 செ.மீ. ஆழத்தில் நடுப்பெருமூளைத் தமனி அகப்படும். சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, எலும்பு ஒலியை உள்ளே விடாது. அங்கே எந்த அல்காரிதமும் உதவாது.

ரத்தம் புரோபை நோக்கி விநாடிக்கு 60 செ.மீ. வேகத்தில் ஓடினால் அதிர்வெண் மாற்றம் ஏறக்குறைய 1,560 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்கும் ஒலிதான்.

படி 2: துண்டு துண்டாக ஃபூரியே

கட்டி கடந்துபோவது கண நேரம். எனவே சிக்னலைச் சில மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி ஃபூரியே மாற்றம் செய்யுங்கள். துண்டுகள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இல்லையேல் கட்டி இரண்டு துண்டுகளின் விளிம்பில் விழுந்து மங்கிவிடும்.

படி 3: எல்லை வையுங்கள்

1995இல் நிபுணர்கள் ஒப்புக்கொண்ட அடையாளங்கள் இவை: 300 மில்லி விநாடிக்கும் குறைவு, பின்னணியைவிடக் குறைந்தது 3 டெசிபல் அதிகம், ஒரே திசை, 'கிரீச்' போன்ற ஒலி. என் பார்வையில் 3 டெசிபல் போதாது. சிவப்பணுக்களின் எதிரொலியே அந்த அளவுக்கு ஏறி இறங்கும். 7 டெசிபலில் தொடங்குங்கள்.

படி 4: போலிகளைக் கழியுங்கள்

உண்மையான வேலை இங்கேதான். நோயாளி இருமுவார், பல்லைக் கடிப்பார், யாராவது கேபிளைத் தொடுவார்கள். எல்லாமே கட்டிபோல எகிறும். இவற்றின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்ணில், இரு திசையிலும் தெரியும். கெயினை அதிகம் வைத்தால் நிஜக் கட்டியும் நிறைவெல்லையைத் தாண்டி எதிர்த்திசையில் நிழல் காட்டும், கவனம்.

இன்னும் உறுதியான வழி, 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆழங்களைப் பதிவுசெய்வது. விநாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் போகும் கட்டி இரண்டாம் இடத்தில் 10 மில்லி விநாடி தாமதமாகத் தெரியும். இருமல் இரண்டிலும் ஒரே நேரத்தில் தெரியும்.

காற்றுக்குமிழியா கட்டியா என்பது வேறு தலைவலி. குமிழியின் எதிரொலி மிக வலுவானது. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களிடம் அதை எதிர்பார்க்கலாம்.

படி 5: சரிபாருங்கள்

வேவ்லெட், நியூரல் நெட்வொர்க் எல்லாம் பிறகு. முதலில் உங்கள் நிரல் பிடித்தவற்றை அனுபவமுள்ள இருவரிடம் தனித்தனியே கேட்கக் கொடுங்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாத சிக்னலை நிரலின் வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.