"மூன்று மாதமாகக் காசு வருகிறது" என்பது ஆதாரமா?

"நானும் போட்டிருக்கிறேன், மூன்று மாதமாகக் காசு வருகிறது." கைத்தொலைபேசிச் செயலி மூலம் பணம் பெருக்கித் தருவதாகச் சொல்லும் திட்டங்கள் எமது கரையோர ஊர்களுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான். சொல்பவர் அந்நியர் அல்லர். மச்சானாக, மருமகனாக, கூடப் படித்தவராக, ஒரே சஃப்பில் நின்று தொழுபவராக இருப்பார். அவர் பொய் சொல்வதுமில்லை. உண்மையாகவே அவருக்குக் காசு வந்திருக்கும். அப்படியிருக்க இதை மோசடி என்று எப்படிச் சொல்வது என என்னிடம் கேட்பவர்களுக்காகவே இவ்வாரப் பத்தி.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபா போடுகிறார்கள். சேர்ந்த தொகை ஒரு கோடி. ஒவ்வொருவருக்கும் மாதம் 10,000 ரூபா "இலாபம்" கொடுத்தால் மாதச் செலவு 10 இலட்சம். எந்த வியாபாரமும் செய்யாமல், புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்காமல், பத்து மாதங்கள் இப்படிக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கொடுப்பது அவரவர் போட்ட பணத்தைத்தான். ஆகவே மூன்று மாதம் காசு வந்தது என்பது தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. உங்கள் காசில் ஒரு பகுதி உங்களிடமே திரும்பி வந்தது என்பதற்கு மட்டுமே அது ஆதாரம்.

இந்த வித்தை நூறாண்டு பழையது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1920இல் சார்ள்ஸ் பொன்சி என்பவர், 45 நாட்களில் 50 சதவீத இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். முன்னர் வந்தவர்களுக்குப் பின்னர் வந்தவர்களின் பணத்தைக் கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் எல்லாம் சரிந்தது. அன்று கடதாசிப் பற்றுச்சீட்டு. இன்று கைத்தொலைபேசித் திரை. வேறுபாடு அவ்வளவுதான்.

எமது நாட்டிலும் பரவிய எம்.ரி.எப்.ஈ. செயலியை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு நாணயச் சந்தையில் செயலியே உங்களுக்காக வர்த்தகம் செய்து இலாபம் ஈட்டும் என்றார்கள். ஆட்களை அதிகம் சேர்த்தவர்களுக்குப் பட்டமும் மேலதிக வருமானமும் கிடைத்தன. 2023 ஓகஸ்டில் பணத்தை மீளப்பெற முடியாமற் போனது. இலாபம் காட்டிய திரை திடீரென நட்டம் காட்டியது. அந்த நட்டத்தையும் நீங்களே கட்ட வேண்டும் என்று செய்தி வந்தது. பங்களாதேஷிலும் பெருந்தொகையானோர் பணத்தை இழந்தனர். இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் எம்.ரி.எப்.ஈ.யின் பெயரும் உள்ளது.

இவை ஏன் சரிந்தே தீரும்? ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5, 25, 125 என்று பெருகி எட்டாவது படியில் 390,625 பேர் தேவை. ஒன்பதாவது படியில் 1,953,125 பேர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தின் மொத்த சனத்தொகையே, தொட்டில் குழந்தை உட்பட, சுமார் ஆறரை இலட்சந்தான். கடைசிப் படியில் நிற்பவருக்குச் சேர்க்க ஆள் கிடையாது. அவரது காசுக்கு வழியும் கிடையாது. எந்தப் படியிலும் பெருந்தொகையினர் கடைசிப் படியில்தான் நிற்கிறார்கள்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. 2005இல் வங்கித்தொழில் சட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பிரமிட் திட்டத்தை ஆரம்பிப்பது மட்டுமன்றி அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றமாகும். சிறைத்தண்டனைக்கும் தண்டப்பணத்திற்கும் அது இடமளிக்கிறது. "நானும் ஏமாந்தவன்தானே" என்று சொல்லும் மச்சான், பத்துப் பேரைச் சேர்த்துவிட்டவராகவும் இருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டிவரலாம். கம்பனிக்காரன் எங்கோ இருப்பான். வாசலுக்கு ஆட்கள் வருவது மச்சானின் வீட்டுக்குத்தான்.

"இது ஹலாலான முதலீடு" என்றும் சிலர் சொல்கிறார்கள். முழாரபா முறையில் இலாபம் பேசிக்கொண்ட விகிதப்படி பகிரப்படும். பங்காளியின் கவனயீனமின்றி நட்டம் வந்தால் முதலிட்டவரின் மூலதனமே அதைத் தாங்கும். போட்ட தொகையில் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று வாக்களிப்பது முழாரபா அல்ல. பெயரை வைத்து ஏமாற வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசையோ, மகளுக்கு வீடு கட்டச் சேர்த்ததையோ, வேளாண்மையில் வந்ததையோ எடுத்துக் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: பொதுமக்களிடம் வைப்புப் பணம் பெற மத்திய வங்கி இவர்களுக்கு அனுமதி வழங்கியுள்ளதா? கம்பனிப் பதிவுச் சான்றிதழ் என்பது அந்த அனுமதி அல்ல. 1935 என்ற இலக்கத்திற்கு அழைத்து மத்திய வங்கியிடமே கேட்கலாம்.

இரண்டு: இலாபம் எந்தப் பொருளை விற்று, யாரிடமிருந்து வருகிறது? மருதமுனையில் சாரம் நெய்பவரிடம் கேட்டால் நூலின் விலையும் சாரத்தின் விலையும் சொல்வார். இவர்களால் சொல்ல முடிகிறதா?

மூன்று: ஆள் சேர்த்தால்தான் வருமானம் கூடுமா?

நான்கு: உங்கள் பணத்தை எடுப்பதற்கு "வரி", "கட்டணம்" என்று மேலும் பணம் கேட்கிறார்களா? கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் கொடுப்பதும் வீணே.

ஏற்கனவே அகப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வங்கிப் பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய கணக்கிலக்கங்கள் எதையும் அழிக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கு அறிவித்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டு வருபவரை நம்பாதீர்கள். ஏமாந்தவர்களைத் தேடிவரும் இரண்டாவது மோசடி அது. நீங்கள் சேர்த்துவிட்டவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் அடுத்த தவணையைக் கட்டாமலாவது தப்புவார்கள்.