வயதான நாய்க்கு ‘மர்மர்’ இருந்தால்…

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் ‘மர்மர் கேட்குது’ என்றதுமே பதற வேண்டாம். பொமரேனியன் போன்ற சிறு ரகங்களுக்கு வயதானால், தடித்த வால்வு வழியே ரத்தம் பின்னால் கசியும் சத்தம்தான் பெரும்பாலும் அது. படப்பையில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நாய் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டி, கொஞ்ச நேரம் கழித்து எண்ணியும் குறையவில்லையா? அன்றே டாக்டரிடம் போங்கள். நுரையீரலில் நீர் கோப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

2. கருவாடு, அப்பளம் கூடாது. உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். அதன் பங்குக் கோழியை உப்புப் போடுமுன்பே எடுத்துவிடுங்கள்.

3. கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புப்பட்டை மாட்டுங்கள். தொண்டை அழுந்தினால் இருமல் கூடும்.

4. வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் பெருகுமுன், விடிகாலையில் உள்தெருவில் நடத்துங்கள். வெயில் இதயத்துக்குக் கூடுதல் சுமை. ஷிப்ட் முடிந்து மதியம்தான் முடியும் என்றால், அன்று நடையே வேண்டாம்.

5. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்கள், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். மாத்திரை தேவையா என்பதை அதுதான் சொல்லும். இதயம் பெருத்த நாய்களுக்கு பிமோபென்டன் மாத்திரை, இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டதாக 2016-இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. டாக்டர் எழுதித் தந்தால் அதை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள்.

6. நீர் மாத்திரை கொடுத்தால் ராத்திரி வீடெல்லாம் ஈரமாகும்தான். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளிக்காதீர்கள், சிறுநீரகம் கெடும்.

மயங்கி விழுந்தாலோ நாக்கு நீலம் பாய்ந்தாலோ மூச்சை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே வண்டியில் ஏற்றுங்கள்.