அறிவும் இயல்பும்

நுழையும்முன்

கற்கத் தொடங்கிய சில நாள்களில், முன்பு எளிதாகச் செய்ததும் தவறிப்போவதுண்டு. அறிவு வளரும்போது திறன் ஏன் தளர்கிறது? குதிரையேற்றத்தைக் கொண்டு விடை காண்போம்.

குதிரை சீராக நடக்கையில், அதன் அசைவுக்கேற்ப ஏறியிருப்பவரின் இடுப்பும் தானே அசையும். ‘குதிகாலைத் தாழ்த்துக, முதுகை நிமிர்த்துக, கைகளை நிலையாக வைத்திடுக’ என்னும் அறிவுரைகளை ஒருசேர எண்ணத் தொடங்கியதும் அவ்வசைவு தடைபடுகிறது, தசைகள் இறுகுகின்றன. தோலில் ஈ அமர்வதையும் உணரும் குதிரை, அவ்விறுக்கத்தை உணர்ந்து தயங்குகிறது. ஏறியவரோ தம் நுட்பத்தில் பிழையுண்டு எனக் கருதி மேலும் எண்ணுகிறார், மேலும் இறுகுகிறார்.

காப்ரியேலே வுல்ஃப் தம் குழுவினருடன் 1998ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில், தம் பாதங்களைக் கவனித்தவர்களைவிடக் கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் சிறப்பாகக் கற்றனர். கவனம் உறுப்பைவிட்டுச் செயலின் விளைவிற்கு மாறும்போது உடல் தடையின்றி இயங்குகிறது.

இதனால் நுட்பம் வேண்டா என்பது பொருளன்று. ஒரு நேரத்தில் ஒன்றையே பழகுதல் வேண்டும். அது படிந்தபின், குதிரையின் காதுகளுக்கு அப்பால் செல்லும் வழியை நோக்குதல் வேண்டும். அப்போது கற்றது மறைவதில்லை, இயல்பாகிவிடுகிறது.

சிந்தனை வினா

நீங்கள் பயிலும் கலையிலோ விளையாட்டிலோ இத்தகைய தடையை உணர்ந்ததுண்டா? அதனை எவ்வாறு கடந்தீர்கள்?