கூட்டல் சரி, தொகை தவறு: அடங்கல் கணக்கில் நேரும் சில பிழைகள்

காவிரிப் பாசனப் பகுதியில் நிலமும் கணக்கும் கூடப் பிறந்தவை. வேலி, மா, குழி என அளந்து, குறுவை, சம்பா, தாளடி எனப் போகம் பிரித்து ஏட்டில் எழுதப்பட்டு வந்த அடங்கல் இப்பொழுது கணிப்பொறியில் ஏறிவிட்டது. முன்னாளில் ஒரு கர்ணம் பொழுதெல்லாம் உட்கார்ந்து கூட்டிய தொகையை இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடுகிறது. கூட்டலில் அது தவறுவதில்லை. ஆயினும் எந்த வரியை எந்த இனத்தில் சேர்த்துக் கூட்டவேண்டும் என்பதை மனிதரே சொல்லியாக வேண்டும். பிழை நுழைவது அந்த இடத்திலேதான்.

இயந்திரத்திடம் கேட்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது. அதில் இனம் பிரிக்க 'குரூப் பை', கூட்ட 'சம்', சராசரி காண 'ஏவிஜி' என்ற சொற்கள் உள்ளன. பஞ்சாயத்து அங்கத்தினர் இம்மொழியைக் கற்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. தம் கைக்கு வந்த தொகை எவ்வழியே வந்தது என்று கேட்கத் தெரிந்திருத்தல் போதும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு கிராமத்தில் மூன்று புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். 10 ஆம் எண் புலம் 2 ஹெக்டேர், இருபோக நிலம். குறுவையும் தாளடியும் நடப்பது. 11, 12 ஆம் எண் புலங்கள் தலா 1 ஹெக்டேர், சம்பா மட்டும். நிலம் மொத்தம் 4 ஹெக்டேர். அடங்கலில் போகத்துக்கு ஒரு வரியாக 4 வரிகள் இருக்கும். அவற்றைக் கூட்டினால் 6 ஹெக்டேர் வரும். சாகுபடிப் பரப்பு எவ்வளவு என்பது கேள்வியானால் 6 சரியே. நிலப்பரப்பு எவ்வளவு என்பது கேள்வியானால் அது தவறு.

இனி, உரிமையாளர் பெயரும் வேண்டுமென்று சிட்டாவை அடங்கலோடு இணைக்கிறார்கள். 10 ஆம் எண் புலம் மூவர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா. உடனே அப்புலத்தின் 2 வரிகள் 6 வரிகளாகப் பெருகுகின்றன; கூட்டுத்தொகை 14 ஹெக்டேராகிறது! ஊரில் இல்லாத நிலத்துக்கு விதையும் உரமும் ஒதுக்கீடு கேட்பதுபோல் ஆகிவிடும்.

இதைக் கண்ட சிலர், ஒரே எண்ணை ஒரு முறை மட்டும் கூட்டும்படி 'டிஸ்டிங்க்ட்' என்னும் சொல்லைச் சேர்த்துப் பிழை தீர்ந்ததென்று எண்ணுவதுண்டு. அது நோயைவிடக் கெட்ட மருந்து. 11 ஆம் புலமும் 12 ஆம் புலமும் ஒரே பரப்புடையவையாதலால் அவற்றில் ஒன்று மறைந்து, தொகை 3 ஹெக்டேராகிவிடும். 14 என்று வந்தால் எவரும் சந்தேகிப்பர். 3 என்று வந்தால் நம்பிவிடுவர். சரியான முறை வேறு. சிட்டாவை முதலில் புல எண்வாரியாகச் சுருக்கிப் புலத்துக்கு ஒரே வரி என்றாக்கிக்கொண்டு, அதன்பின் அடங்கலோடு இணைக்க வேண்டும். நிலப்பரப்பு வேண்டுமாயின் அடங்கலையும் அவ்வாறே சுருக்கவேண்டும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ஊர் வாரியாக மொத்தப் பரப்பைக் கேட்டுவிட்டு, அதே வரியில் விவசாயியின் பெயரையும் கேட்பது மற்றொரு பிழை. நூறு விவசாயிகள் உள்ள ஊருக்கு எந்தப் பெயரை இயந்திரம் எழுதும்? பல தரவுத்தளங்கள் இக்கேள்வியை மறுத்துவிடுகின்றன. 2015 இல் வெளிவந்த 5.7 ஆம் பதிப்புக்கு முந்திய மை.எஸ்.க்யூ.எல்., தானே மாற்றியமைத்தாலொழிய, மறுக்காமல் ஏதோ ஒரு பெயரை எழுதி வைத்தது. மறுப்பு வந்ததும் பெயரையும் இனப் பிரிவில் சேர்த்துவிடுவோர் உண்டு. அப்பொழுது ஊருக்கு ஒரு வரி என்பது போய் ஆளுக்கு ஒரு வரியாகிவிடும். ஊரின் பெயரைக் கொண்டு பிரிப்பதும் ஆபத்தே. ஒரே பெயருடைய ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கக்கூடும். கிராமக் குறியீட்டு எண்ணே நம்பத்தக்கது.

விவசாயியின் கைப்பணத்தைத் தொடும் பிழை சராசரியில் இருக்கிறது. 2016 இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி ஒருவரின் மகசூலைக்கொண்டு இழப்பீடு கணக்கிடப்படுவதில்லை. அலகு முழுவதன் சராசரியே கொள்ளப்படுகிறது. தமிழகத்தில் சம்பா நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகாக இருந்து வந்திருக்கிறது. 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள துண்டுகளில் அறுவடைச் சோதனை செய்து, அதனை 400 ஆல் பெருக்கி ஹெக்டேர் மகசூல் காண்பர். (2023 முதல் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கணக்கு எளிதாகும்பொருட்டு அதனையும் ஈரப்பதக் கழிவையும் இங்கே ஒதுக்கிவிடுகிறோம்.)

கடைமடைக் கிராமம் ஒன்றில் நான்கு துண்டுகளில் 12, 10, 8 கிலோவும், வெள்ளத்தில் அழுகிப்போன நான்காவதில் ஒன்றுமில்லாமலும் கண்டதாகக் கொள்வோம். நான்காவதற்கு 0 என்று எழுதினால் சராசரி 7.5 கிலோ, ஹெக்டேருக்கு 3,000 கிலோ. அவ்விடத்தை வெற்றாக விட்டுவிட்டால், இயந்திரம் அதனை ஒதுக்கி மூன்றால் வகுக்கும். சராசரி 10 கிலோ, ஹெக்டேருக்கு 4,000 கிலோ. அக்கிராமத்தின் வரம்பு மகசூல் 4,000 கிலோ என்றால், முன்னதில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 25 பங்கு இழப்பீடு உண்டு. பின்னதில் ஒரு காசும் இல்லை. இதற்கு மாறாக, சோதனையே நடவாத துண்டுக்கு 0 எழுதுவதும் குற்றமே. 'விளையவில்லை' என்பதும் 'அளக்கவில்லை' என்பதும் வெவ்வேறு பதிவுகள்.

வரம்புக்குக் குறைந்த கிராமங்களை மட்டும் காட்டச் சொல்லும்போது, குறைந்த துண்டுகளை முதலில் பொறுக்கிவிட்டால் மேற்படி ஊரில் 8, 0 என்ற இரண்டே எஞ்சிச் சராசரி 4 கிலோவாகத் தாழும். பொறுக்குதல் சராசரி கண்ட பிறகே நிகழவேண்டும். 'வேர்' என்னும் சொல் முன்னதையும், 'ஹேவிங்' என்னும் சொல் பின்னதையும் செய்கின்றன.

இரு கிராமங்களின் சராசரிகளைச் சேர்த்து இரண்டால் வகுப்பதும் பொருந்தாது. 100 ஹெக்டேரில் 5 டன்னும் 300 ஹெக்டேரில் 3 டன்னும் விளைந்தால் பொதுச் சராசரி 4 ஆகாது. மொத்த விளைச்சல் 1,400 டன்னை 400 ஆல் வகுத்து வரும் 3.5 டன்னே ஆகும்.

பல ஆண்டுக் கணக்கை ஒப்பிடுவோர் இனப் பெயரின் எல்லை மாறியிருப்பதையும் கவனிக்கவேண்டும். தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991 இல் நாகப்பட்டினம் பிரிந்தது. பின்னர் 1997 இல் திருவாரூரும், 2020 இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 'தஞ்சாவூர்' என்ற பெயரை மட்டும் கொண்டு பிரித்தால், வயல்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சாகுபடி மட்டும் சரிந்ததாகத் தோன்றும். பசலியிலும் இவ்விதமே. பசலி ஜூலை 1 இல் பிறக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளோ ஜூன் 12. ஜூன் இறுதியில் நட்ட குறுவையும் ஜூலையில் நட்ட குறுவையும், நடவு தேதியைக்கொண்டு பிரித்தால், அடுத்தடுத்த இரு பசலிகளில் விழும். போகத்தின் பெயரையும் அறுவடை நடந்த பசலியையும் கொண்டு பிரிக்கச் சொன்னால் அவை ஒரே வரியில் வந்து சேரும்.