கவனம் நிற்கவே மாட்டேங்குதா? பெரியவர்களுக்கும் சிகிச்சை உண்டு

ஈபி பில் கட்டக் கடைசித் தேதி தெரியும், கணக்கில் பணமும் இருக்கும். ஆனாலும் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்த பிறகுதான் நினைவு வரும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய பிறகுதான் சீசன் டிக்கெட் முடிந்து மூன்று நாளானது தெரியும். அலுவலகத்தில் ஒரு மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் வேறு நாலு வேலை பாதியில் நிற்கும், அந்த மெயிலும் போயிருக்காது.

எல்லாருக்கும் எப்பவாவது நடக்கிறதுதான். ஆனால் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வேலையும் வீடும் இதனால் பாதிக்கப்படுகிறது என்றால், சோம்பேறித்தனம்னு உங்களையே திட்டிக்கொண்டு விட்டுவிடாதீங்க. அது ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடாக இருக்கலாம். குழந்தைகளுக்கு மட்டும் வருவதல்ல இது. பெரியவர்களுக்கும் சிகிச்சை இருக்கு.

முதலில், இது அதுதானா?

ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சுயபரிசோதனைப் பட்டியலில் 18 கேள்விகள் உண்டு. அதில் முதல் 6 கேள்விகள், மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் காட்டும். உறுதி செய்வது மனநல மருத்துவர்தான். அவர் பார்ப்பவை:

• கவனக்குறைவின் 9 அறிகுறிகளில் குறைந்தது 5, ஆறு மாதமாவது நீடிக்கிறதா?
• அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்தனவா?
• வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகிறதா?

தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் இதேபோல் கவனத்தைக் கெடுக்கும். அவை இல்லை என்று பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதி.

பேச்சு சிகிச்சையில் என்ன கற்றுத் தருவாங்க?

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் தொடர்ந்த 86 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. 12 அமர்வுகள் சிபிடி பெற்றவர்கள், உடலைத் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். இந்தச் சிகிச்சை அறிவுரை சொல்வதோடு நிற்காது, பழக்கங்களை உருவாக்கித் தரும்.

1. ஒரே நோட்டு, ஒரே காலண்டர்: எல்லா வேலையும் அதில் மட்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

2. வேலையை உடைப்பது: "வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யணும்" என்று எழுதினால் மனசு ஓடிவிடும். "பான் கார்டை எடுத்து மேசையில் வைக்கணும்" என்று எழுதினால் கை தொடங்கும்.

3. சிதறலைத் தள்ளிப்போடுவது: உங்கள் கவனம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அளந்து பாருங்க. 10 நிமிடம் என்றால் 10 நிமிடத்துக்கு டைமர் வையுங்க. நடுவில் வேறு நினைப்பு வந்தால் தாளில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்க. டைமர் அடித்ததும் அதைக் கவனிக்கலாம்.

4. நினைப்பைத் திருத்துவது: "எப்படியும் சொதப்பிடுவேன்" என்ற எண்ணமே வேலையைத் தள்ளிப்போட வைக்கும். அதைக் கேள்வி கேட்கவும் பயிற்சி உண்டு.

கையில் இருக்கும் போனும் இதில் உதவும். பில் தேதி, மருந்து நேரம் ஆகியவற்றின் நினைவூட்டல் ஒலிக்கட்டும். மற்ற அறிவிப்புகளை அணைத்து வையுங்க.

மாத்திரை வேண்டுமா?

பலருக்கு மருந்து நன்றாக உதவும். மெத்தில்ஃபெனிடேட், அட்டோமோக்ஸெடின் இரண்டும் பயன்பாட்டில் உள்ளன. அட்டோமோக்ஸெடின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்த பிறகே மருத்துவர் தொடங்குவார்.

மெத்தில்ஃபெனிடேட் 'எக்ஸ்' அட்டவணை மருந்து. இரண்டு பிரதிகளாக மருந்துச்சீட்டு வேண்டும். ஒன்றை மருந்துக்கடை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, வீடியோ ஆலோசனையில் இதை எழுதித் தரக் கூடாது. "நேரில் வர வேண்டாம், கூரியரில் அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. நண்பரின் மாத்திரையையும் வாங்கிப் போடாதீங்க.

தாம்பரத்திலிருந்து எங்கே போவது?

• முதல் படி போன்: டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லாச் சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அடுத்து எங்கே போகணும் என்று வழிகாட்டுவார்கள்.
• பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருப்பவர்கள் மின்சார ரயிலிலேயே செங்கல்பட்டு போய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம்.
• குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்கள் எழும்பூர் வரை ரயிலில் போய், 1794-இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் செல்லலாம்.

காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்க. பழைய பள்ளி ரேங்க் கார்டு, இப்போது சாப்பிடும் மருந்துகளின் விவரம் ஆகியவற்றைக் கொண்டு போங்க. முடிந்தால் சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவையோ அக்காவையோ அழைத்துப் போங்க. மருத்துவர் கேட்கும் பல கேள்விகளுக்கு அவர்களிடம்தான் பதில் இருக்கும்.

"ஆபீஸுக்குத் தெரிஞ்சா?" என்ற பயம் நியாயமானதுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. சட்டத்திலேயே சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவமனை யாரிடமும் சொல்ல முடியாது.

இதைப் படித்து முடித்ததும் அப்புறம் பார்க்கலாம்னு வைக்காதீங்க. 14416-ஐ இப்போதே போனில் சேமித்து, எப்போது அழைக்கப் போகிறீர்கள் என்று ஒரு நினைவூட்டலும் போட்டுடுங்க.