தக்காளி அடுப்பில், கொய்யா கையில்

திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் வேலை எனக்கு. வெயில் முழுக்க முகத்திலும் முன்னங்கையிலும்தான் இறங்கும். அதிலுள்ள புற ஊதாக் கதிர் தோலுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களைக் கிளப்பிவிடுகிறது. தோல் தொய்யாமல் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் அதனால் சிதைகிறது. காய், கனி, கீரைகளிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அந்தச் சேதத்தை ஓரளவு மட்டுப்படுத்தும். அதற்காகப் புதிதாக எதையும் வாங்கவில்லை. வீட்டில் இருப்பதை எப்படிச் சாப்பிடுவது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் எளிதில் உடம்பில் சேராது. சூடு பட்டால்தான் தாராளமாக வெளியே வரும். எண்ணெய் கூட இருந்தால்தான் குடல் நன்றாக உறிஞ்சும். 2001இல் ஜெர்மனியில் வெளிவந்த ஆய்வொன்றில், தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு 10 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது குறைந்திருந்தது. சூடும் எண்ணெயும்தானே? நம் தக்காளித் தொக்கில் இரண்டும் இருக்கின்றன. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, நன்றாகப் பழுத்த தக்காளியைத் தோலோடு நறுக்கிப் போடுவேன். தண்ணீர் சுண்டி ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். மிளகாய்த்தூள் போடும் முன்பே எண்ணெயில் செம்மை ஏறியிருக்கும். அதுதான் லைகோபீன். உப்பை மட்டும் கொஞ்சம் அடக்கிப் போடுங்கள்.

கொய்யா இதற்கு நேர்மாறு. கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அதுவோ சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்தோடும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, ஆரஞ்சில் இருப்பதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. பழனி சாலையில் ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் வைத்து விற்கும் அம்மா, என்னைப் பார்த்ததும் தராசை எடுத்துவிடுவார்.

"செங்காயாப் போடவா, பழமாப் போடவா தாயி?"

"செங்காயே போடுங்க பெரியம்மா."

கழுவித் தோலோடு கடித்துத் தின்றால் போதும். ஜூஸாக்கி வடிகட்டிச் சர்க்கரை போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் அதிகம். அதற்கும் கொழுப்பு வேண்டும் என்பதால் பொரியலில் தேங்காய்ப்பூ தாராளமாகச் சேர்ப்பேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது; அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும்.

அளவும் முக்கியம். என் அத்தை மகள் தினமும் பெரிய டம்ளரில் கேரட் ஜூஸ் குடித்துவந்தாள். உள்ளங்கை மஞ்சளானது. காமாலைதான் என்று வீடே பதறியது. டாக்டர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான்மா இருக்கு. கேரட்டைக் கொஞ்ச நாள் நிறுத்து" என்றார். காமாலை என்றால் கண்ணும் மஞ்சளாகும். கரோட்டின் தோலில் படிந்தாலும் கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்காது. ஜூஸை நிறுத்தியதும் மெல்ல மெல்லச் சரியானது.

கேரட் கதை இதோடு முடிந்தது. மாத்திரைக் கதை அப்படியல்ல. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட, புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அதனால் அழகுக்கென்று விற்கும் மாத்திரைகளை நான் வாங்குவதில்லை.

"இதெல்லாம் சாப்பிட்டா கலராயிடுவோமாக்கா?" என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் கேட்பார்கள். ஆக மாட்டோம், ஆகவும் வேண்டாம். நம் நிறத்தைத் தரும் மெலனினே வெயிலைத் தடுக்கும் காவல். எனக்குத் தெரிந்த மாற்றம், முன்னங்கையில் வறட்சி குறைந்ததுதான். சாப்பாடு தரும் பாதுகாப்பு சிறியது. சன்ஸ்கிரீனையும் முழுக்கைச் சட்டையையும் நான் விடவில்லை. புதிதாக ஒரு மச்சம் வந்து வளர்ந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, கொய்யாவை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.