யட்சி பயணித்த பாதை

நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், யட்சியாக வந்து பழி தீர்க்கிறாள். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியின் கதை இது. நம் பாட்டிமார் வில்லுப்பாட்டில் கேட்டு நடுங்கிய கதை.

நடுங்க வைத்த கதையே பலரை எழுதவும் வைத்தது. ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வில் ஈடுபட்ட சி. வி. ராமன் பிள்ளை, 1891-இல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் பஞ்சவன்காட்டு நீலியைச் சேர்த்தார். நாவல் வடிவம் மேனாட்டுடையது. அச்சம் நம் மண்ணுடையது. 1967-இல் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் ‘யட்சி’ நாவலில், காட்டிலிருந்த யட்சியைக் கணவனின் சந்தேக மனத்துக்குள் குடியேற்றினார். 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் மலம்புழா அணைத் தோட்டத்தில் பிரம்மாண்ட யட்சி சிலையை வடித்தார். 2025-இல் ‘லோகா’ திரைப்படம் நீலியை மக்களைக் காப்பவளாக்கியது.

கவனியுங்கள்: கதை ஒன்று, ஒவ்வொரு கலைஞரும் தம் காலத்துக் கேள்வியை அதில் ஏற்றினார்கள். பழைய தண்டவாளத்தில் புதிய வண்டி ஓடுவதைப் போல.

மலையாளப் பள்ளியில் படிக்கும் அமரவிளைப் பிள்ளைகள் நீலியைத் திரையில் அறிவார்கள். வில்லுப்பாட்டில் அவள் பேசுவது தமிழ் என்பதை யார் சொல்வது? நாம்தான்.

பயிற்சி: வீட்டுப் பெரியவரிடம் நீலி கதை கேட்டுத் தமிழில் பத்து வரி எழுதுக. நீலியின் பக்கம் நியாயம் உண்டா?